குவார்ட்டரில் இரட்டை தெரிகிறதா? டபுள்டு டை தானா என்று அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

1999-இல் ஐம்பது மாநிலக் குவார்ட்டர்கள் தொடங்கியதிலிருந்து அமெரிக்காவின் 25 சென்ட் காசு ஆண்டுக்குப் பல முறை பின்பக்கத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2008 வரை மாநிலங்கள், 2009-இல் தலைநகரும் ஆட்சிப்பகுதிகளும், 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களும் தலங்களும், 2022 முதல் 2025 வரை அமெரிக்கப் பெண்கள். இத்தனை வடிவங்களுக்கும் அச்சு மேல் அச்சாகச் செய்து தள்ளியிருக்கிறார்கள். அதில் சில பிசகிப்போனதில் ஆச்சரியமில்லை. பிசகிய அச்சில் அடித்த காசுகள் பல இன்னும் சில்லறையோடு சில்லறையாகப் புழங்குகின்றன. இந்தத் தேடலில் எனக்குப் பிடித்ததே அதுதான்: காசு கொடுத்து வாங்க வேண்டாம், கையில் வருவதைப் பார்த்தால் போதும்.

ஆனால் பலரும் பார்க்கிற இடம் சரியில்லை. விளிம்போரம் உள்ள எழுத்துகளிலும் ஆண்டிலும் இரட்டை தெரிந்ததும் காசை உறையில் போட்டுவிடுகிறார்கள். டபுள்டு டை என்பது காசை அடிக்கும் அச்சிலேயே (டை) படம் இரட்டித்துப் பதிந்துவிட்ட பிழை. நவீன குவார்ட்டரில் உண்மையான டபுள்டு டை பெரும்பாலும் காசின் நடுவில்தான் இருக்கும். அது ஏன் என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரட்டை எங்கே பிறக்கிறது

காசை அடிக்கும் அச்சில் படம் குழிவாக இருக்கும். அந்தக் குழிவை உண்டாக்கும் கருவிக்கு ஹப் என்று பெயர். ஹப்பில் படம் காசில் உள்ளது போலவே புடைத்து நிற்கும். மென்மையாக்கிய உருக்குத் துண்டின் மேல் ஹப்பைப் பெரும் அழுத்தத்தில் இறக்கினால் அச்சு உருவாகும். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் படம் முழுதாக இறங்காது. ஒருமுறை அழுத்தி, துண்டைச் சூடாக்கி மறுபடி மென்மையாக்கி, இன்னொரு முறை அழுத்துவார்கள். மறுமுறை வைக்கும்போது துளி திரும்பிவிட்டாலும் படம் முழுக்க இரட்டிக்கும். 1955, 1972 சென்ட்களில் வெறும் கண்ணுக்கே தெரிகிற அந்தப் புகழ்பெற்ற இரட்டை எழுத்துகள் அப்படி வந்தவை.

1990களின் பின்பாதியில் அமெரிக்க மின்ட், அதாவது நாணயச் சாலை, ஒரே அழுத்தில் அச்சை முடிக்கும் முறைக்கு மாறியது. இனி டபுள்டு டையே வராது என்றுகூடப் பலர் நினைத்தார்கள். வந்தது, வேறு உருவத்தில். ஹப்பை வாங்கிக்கொள்ளும் உருக்குத் துண்டின் முகம் தட்டையாக இருக்காது. நடுப்பகுதி லேசாகக் கூம்பி நிற்கும், அதனால் ஹப் முதலில் தொடுவது நடுவைத்தான். துண்டு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தால், முதல் தொடுதலிலேயே நடுவில் மட்டும் மேலோட்டமாக ஒரு பதிவு விழுந்துவிடும். அழுத்தம் ஏறியதும் துண்டு நேராகி, படம் உரிய இடத்தில் ஆழமாக இறங்கும். முதல் பதிவில் அழியாமல் மிஞ்சிய துணுக்குதான் நாம் தேடும் இரட்டை. சேகரிப்பாளர்கள் இதை எட்டாம் வகுப்பு, அதாவது சாய்ந்த ஹப்பால் வருவது என்பார்கள்.

விளிம்புப் பகுதியை அந்த முதல் தொடுதல் எட்டவே எட்டாது. அதனால்தான் லிபர்ட்டி, மாநிலப் பெயர் போன்ற ஓரத்து எழுத்துகளில் தெரியும் இரட்டையை எடுத்த எடுப்பில் நம்பக்கூடாது.

பார்ப்பதற்கு முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் நல்ல லூப் ஒன்று போதும். அதிக உருப்பெருக்கம் இருந்தால் அதிகம் தெரியும் என்பது இங்கே சரிப்படாது. நாற்பது மடங்கில் ஒவ்வொரு கீறலும் மலைத்தொடராகத் தெரியும், படத்தின் ஒழுங்கு தொலைந்துபோகும். முதல் சல்லடைக்கு ஐந்தாறு மடங்கே வசதி. விளக்கு ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். விளக்கை அசைக்காமல் காசை மெல்லச் சுழற்றுங்கள். காசை விளிம்பில் பிடியுங்கள், எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று கட்டாயம் வேண்டும்: அதே ஆண்டு, அதே வடிவம், அதே மின்ட் எழுத்து (எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் பி, டி, எஸ் போன்ற எழுத்து) உள்ள சாதாரணக் காசு ஒன்று. இது இல்லாமல் செய்கிற எந்தத் தீர்ப்பும் யூகம்தான். 40 காசு கொண்ட ஒரு பத்து டாலர் சுருளை வாங்கினால் ஒப்பிட வேண்டிய காசு பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

அறிகுறி: எழுத்தின் ஒரு பக்கத்தில் தட்டையான, பளபளக்கும் படி

அடிக்கடி வரும் கேள்வி இது. விடை மெஷின் டபுளிங்.

லிபர்ட்டியின் "ஈ" எழுத்தை லூப்பில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் மேல்முகம் ஓர் உயரத்தில் இருக்கும். அதன் ஒரு பக்கத்தில், தரைமட்டத்தை ஒட்டி, இஸ்திரி போட்டது போல வழவழப்பான ஒரு தட்டு தெரியும். விளக்கொளி பட்டால் எழுத்தைவிட அந்தத் தட்டு அதிகம் மின்னும். இப்போது எழுத்தின் தடிமனைச் சாதாரணக் காசின் "ஈ"யோடு ஒப்பிடுங்கள். மெலிந்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை இதுதான். மெஷின் டபுளிங் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இருக்கிற எழுத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காசை அடித்த கணத்திலேயே, தளர்ந்திருக்கும் அச்சு துள்ளியோ நகர்ந்தோ புதிதாக எழும்பிய எழுத்தின் தோளை அமுக்கிவிடுகிறது. அமுங்கிய தோள்தான் அந்தப் படி.

உண்மையான டபுள்டு டையில் எழுத்து மெலியாது. அதன் தடிமன் அப்படியே இருக்கும் அல்லது கூடுதலாக இருக்கும். இரண்டாவது உருவத்துக்கும் உருண்டு புடைத்த முகம் இருக்கும். எழுத்தின் முனைகளில், முக்கியமாகக் கால்களின் மூலைகளில், "வி" வடிவில் ஒரு பிளவு தெரியும். தெளிவான இரட்டையில் இரண்டு உருவங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தப் பிளவு தட்டையான படியில் ஒருபோதும் வராது.

சந்தேகம் இன்னும் தீரவில்லையா? அதே சுருளில் உள்ள மற்ற காசுகளைப் பாருங்கள். அச்சு தளர்ந்திருந்த நேரத்தில் அடித்தவற்றில் படியின் அகலம் காசுக்குக் காசு மாறும். ஒன்றில் வலப்பக்கம் அகலமாக, இன்னொன்றில் லேசாக, மூன்றாவதில் இல்லவே இல்லாமல். டபுள்டு டை அச்சிலேயே பதிந்த பிழை என்பதால் அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில், அதே வடிவில் வரும். அச்சு தேயத் தேய மங்கலாம், இடம் மட்டும் மாறாது.

மெஷின் டபுளிங் உள்ள காசைச் செலவழித்துவிடலாம். அதை டபுள்டு டை என்று பெயரிட்டு விற்பவர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள். அந்தப் பெயரில் வலைச் சந்தைகளில் வருகிற குவார்ட்டர்களில் நிறைய இந்த வகைதான்.

அறிகுறி: ஓரத்து எழுத்துகள் வீங்கி, நிழல் விழுந்தது போல மங்கலாக

அச்சுத் தேய்மானம். குவார்ட்டரின் மேல்தகடு செம்பும் நிக்கலும் கலந்தது, 75-க்கு 25 என்ற அளவில். நிக்கல் சேர்ந்த உலோகம் கடினமானது. அடிக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பை நோக்கிப் பாய்ந்து அச்சை அரிக்கிறது. நாள்பட்ட அச்சில் எழுத்துகளின் ஓரங்கள் கரைந்து, வெளிப்பக்கமாக ஒரு மங்கிய இரட்டை தோன்றும். கூடவே தரைப்பகுதியில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரியும் நுண்ணிய கோடுகளோ ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்போ இருக்கும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலே மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

அறிகுறி: படத்தின் நடுவில் சாதாரணக் காசில் இல்லாத ஒரு புடைப்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். கவனிக்க வேண்டிய அறிகுறி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

2005-பி மினசோட்டா குவார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஏரி, அதில் நீந்தும் லூன் பறவை, படகில் மீன்பிடிக்கும் இருவர், மாநிலத்தின் வரைபடம், பின்னால் ஊசியிலை மரங்களின் வரிசை. வரைபடத்துக்கு வலப்புறமாக மரங்களை எண்ணிக்கொண்டே போனால், நான்காவது மரத்தை ஒட்டி, சாதாரணக் காசில் வெறும் தரையாக இருக்கும் இடத்தில், சில காசுகளில் மெல்லிய குச்சி போல ஒன்று எழுந்து நிற்கும். உற்றுப் பார்த்தால் அதன் இரு பக்கமும் சின்னச் சின்னக் கிளைகளின் விளிம்பு தெரியும். அது இன்னொரு மரத்தின் முதல் பதிவு. "கூடுதல் மரம்" என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. ஒரே அச்சோடு நின்ற பிழை அல்ல இது. டஜன் கணக்கில் வெவ்வேறு அச்சுகள் பட்டியலாகியிருக்கின்றன. சிலவற்றில் மரம் நன்றாகவே தெரியும், பலவற்றில் ஒரு புள்ளியளவுதான். மரங்கள் காசின் நடுப்பகுதியில் நிற்பதால்தான் இந்த வடிவம் இவ்வளவு சிக்கியது. முன்னால் சொன்ன கூம்பு விஷயம் இங்கே அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது.

2009-டி கொலம்பியா மாவட்டக் குவார்ட்டரில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் பியானோ முன் அமர்ந்திருப்பார். அதில் எலிங்டன் என்ற பெயரின் எழுத்துகளும் பியானோ கட்டைகளும் இரட்டித்த அச்சு ஒன்று உண்டு. நவீன குவார்ட்டர்களில் எழுத்தில் தெளிவாக வந்த அபூர்வமான டபுள்டு டை இது. அங்கேயும் பெயர் விளிம்பில் இல்லை, படத்தோடு உள்ளே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2015-பி ஹோம்ஸ்டெட் குவார்ட்டரில் மரக்குடில், மக்காச்சோளம், தண்ணீர் அடிக்கும் கைபம்பு. குடிலிலும் பம்பிலும் கூடுதல் துணுக்குகள் உள்ள பல அச்சுகள் கிடைத்திருக்கின்றன. இந்த மூன்று வடிவங்களும் கையில் வந்தால் செலவழிக்கும் முன் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

சரி, உங்கள் காசில் ஒரு புடைப்பு தெரிகிறது. அது இரட்டையா, அச்சு உடைந்த சில்லா என்று எப்படிப் பிரிப்பது? நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இதற்குத் தாய் எது? டபுள்டு டைத் துணுக்கு எதையோ நகலெடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் அதே வளைவு, அதே கோணம், அதே வரிவேலைப்பாடு உள்ள ஓர் உறுப்பு இருக்கும். கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால் இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று பாருங்கள். இப்போது நடுப்பகுதியில் வேறெங்காவது ஒரு துணுக்கு இருந்தால் அதுவும் தன் தாயிடமிருந்து ஏறக்குறைய அதே திசையில், அதே தூரத்தில் விலகியிருக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் இது பொருந்தினால் நம்பிக்கை கூடுகிறது. ஒரே ஒரு துணுக்கு, அதற்குத் தாயும் இல்லை என்றால் கீழே சொல்லும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அச்சுச் சில்லு: அச்சின் முகத்திலிருந்து சிறு துண்டு பெயர்ந்தால் காசில் ஒரு குமிழ் வரும். குமிழுக்கு உருவ ஒழுங்கு கிடையாது, மேற்பரப்பில் வேலைப்பாடும் இருக்காது. எழுத்துகளின் உள்ளிடைவெளியிலும் குறுகிய மூலைகளிலும் அதிகம். விரிசலாக நீண்டால் கோடு வரும். 1999-பி டெலவேரில் குதிரையின் வாயிலிருந்து கிளம்பும் கோடு அப்படி வந்ததுதான். "துப்பும் குதிரை" என்று பெயர் வாங்கி ஆட்கள் தேடும் காசுதான், ஆனாலும் டபுள்டு டை அல்ல.

அச்சில் விழுந்த வெட்டு: 2004-டி விஸ்கான்சின் இதற்குப் பெயர்போன உதாரணம். பசு, பாலாடைக் கட்டி, மக்காச்சோளக் கதிர் உள்ள பின்பக்கத்தில், கதிரின் இடப்புறம் கூடுதலாக ஓர் இலை. ஒரு வகையில் மேல்நோக்கி, இன்னொன்றில் கீழ்நோக்கி. அரிசோனாவின் டூசன் பகுதியிலும் டெக்சஸின் சான் அன்டோனியோ பகுதியிலும் முதலில் பெரும்பாலும் வெளிப்பட்டன. பார்வைக்கு இலை மாதிரியே இருந்தாலும், கதிரில் உள்ள எந்த இலையின் நகலும் அது அல்ல. அச்சில் ஏதோ கருவி பட்ட தடம். விலை உண்டு, பெயர் உண்டு, வகை மட்டும் வேறு. தாயைத் தேடும் சோதனை எவ்வளவு உதவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டை கிளாஷ்: நடுவில் தகடு இல்லாமல் இரு அச்சுகளும் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவரை மற்றதில் பதியும். பின்பக்கத்தில் புரியாத வளைவுக் கோடு தெரிந்தால் அது வாஷிங்டனின் கழுத்தோ முகவாயோ என்று சோதியுங்கள். தலைப்பக்கத்தைப் படமெடுத்து, இடவலமாகப் புரட்டி, பின்பக்கப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அமெரிக்கக் காசில் இரு பக்கமும் தலைகீழாக அமைந்திருக்கும் என்பதால் ஒன்றை அரைவட்டம் திருப்பவும் வேண்டும்.

தலைப்பக்கத்தில் தேடுவது எங்கே என்று கேட்டால், அங்கேயும் நடுதான்: வாஷிங்டனின் காதும் அதைச் சுற்றிய முடிச்சுருள்களும். 2022 முதல் 2025 வரையிலான காசுகளில் லாரா கார்டின் ஃப்ரேசர் வடித்த, வலப்பக்கம் பார்க்கும் முகம் இருப்பதால் பழைய ஒப்பீட்டுப் படங்கள் அவற்றுக்கு உதவாது.

அறிகுறி: மின்ட் எழுத்தும் சேர்ந்து இரட்டிக்கிறது

பழைய காசுகளுக்கு ஒரு நல்ல விதி இருந்தது: மின்ட் எழுத்திலும் அதே இரட்டை தெரிந்தால் அது மெஷின் டபுளிங். அப்போது மின்ட் எழுத்தைக் கடைசியில், ஒவ்வொரு அச்சிலும் கையால் அடித்துப் பதித்தார்கள். ஹப் இரட்டிக்கும்போது அந்த எழுத்து அங்கே இருக்காது. 1990களின் தொடக்கத்துக்குப் பிறகு மின்ட் எழுத்து மூல அச்சிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே நினைவுக் குவார்ட்டர்களுக்கு அந்த விதியை அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கையேடுகளில் இன்னும் பழைய விதியே திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் மின்ட் எழுத்து ஓரத்தில் இருப்பதால், நடைமுறையில் அங்கே தெரியும் இரட்டை பெரும்பாலும் மெஷின் டபுளிங்தான். முடிவு அதுவேதான், காரணம்தான் வேறு.

அறிகுறி: பள்ளமான இரட்டைக் கோடு, காணாமல் போன எழுத்து

பள்ளம் என்றால் டபுள்டு டை இல்லை. அச்சில் குழிவாக விழுந்த கூடுதல் உருவம் காசில் புடைத்துத்தான் வர முடியும். பள்ளம் என்பது சில்லறை எண்ணும் இயந்திரம் கீறியதாகவோ வேறு காசு மோதியதாகவோ இருக்கும். எழுத்து காணவில்லை என்றால் அச்சின் குழிவில் மசகு அடைத்திருக்கிறது. 2005-பி கான்சாஸில் "இன் காட் வி டிரஸ்ட்" என்பதில் "டி" அடைபட்டு "ரஸ்ட்" ஆன காசுகள் அப்படி வந்தவை.

அறிகுறி: போன் படத்தில் இரட்டை, லூப்பில் இல்லை

வளைய எல்.இ.டி. விளக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று பளபளப்புக் கோடுகளைப் போட்டுவிடும். காசை கால் சுற்று திருப்பி மறுபடி எடுங்கள். இரட்டை எழுத்தோடு சேர்ந்து திரும்பினால் அது காசில் இருக்கிறது. அதே இடத்தில் நின்றாலோ மறைந்தாலோ ஒளியின் வேலை.

அறிகுறி: "எஸ்" ப்ரூஃப் காசில் கூர்மையான இரட்டை

ப்ரூஃப் என்பது சேகரிப்பாளர்களுக்கென்று கண்ணாடி போன்ற தரையோடு தனியாகச் செய்யும் காசு. அதை ஒரு முறைக்கு மேல் அடிப்பார்கள். இரு அடிகளுக்கு நடுவே அச்சோ காசோ நகர்ந்தால் கண்ணாடித் தரையில் எழுத்தை ஒட்டி ஒரு தெளிவான படி நிற்கும். கூர்மையாக இருப்பதால் ஏமாற்றும். மெலிந்த எழுத்தா, பிளவுள்ள மூலையா என்ற அதே இரண்டு கேள்விகள் இங்கும் போதும்.

சோதனைகளில் தேறியது என்றால்

பட்டியலில் தேடுங்கள். டபுள்டு டை வகைகளைத் தொகுத்த ஜான் வெக்ஸ்லரின் பட்டியலும், பிழைக் காசு சேகரிப்பாளர் அமைப்பான கோனேகாவின் பட்டியலும் வலையில் படங்களோடு கிடைக்கின்றன. ஆண்டு, மின்ட் எழுத்து, வடிவம் என்று போய், தலைப்பக்கமா பின்பக்கமா என்று பிரித்து, படத்தை உங்கள் காசோடு ஒப்பிடுங்கள். இரட்டை மட்டும் பொருந்தினால் போதாது. ஒவ்வொரு பதிவிலும் அந்த அச்சுக்கே உரிய கீறல்கள், விரிசல்கள், சில்லுகள் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு அச்சுகளில் கூடுதல் மரம் ஒரே இடத்தில் தெரியலாம், கீறல்கள் ஒன்றாக இருக்காது. மினசோட்டா, ஹோம்ஸ்டெட் இரண்டிலும் அச்சின் பட்டியல் எண்ணைச் சரியாகச் சொல்ல இந்தக் கீறல்கள்தான் வழி.

மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் எண் இருப்பதாலேயே காசுக்கு விலை வந்துவிடாது. பத்து மடங்கு லூப்பில் தேடித் தேடிப் பார்க்க வேண்டிய துணுக்குக்கு ஆர்வலர்களைத் தவிர யாரும் பணம் தரமாட்டார்கள். வெளிப்படையாகத் தெரிவது, புழக்கத்தில் தேயாதது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பும் கட்டணம் கட்டுப்படியாகும். அனுப்பும்போது வகையின் பெயரைச் சான்றில் குறிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

பட்டியலில் எதோடும் பொருந்தவில்லை, ஆனால் தாய் இருக்கிறது, திசை பொருந்துகிறது, அதே அச்சில் அடித்த இன்னொரு காசும் கிடைத்திருக்கிறது என்றால், புதிய வகையாக இருக்க வாய்ப்பு உண்டு. முழுக் காசின் இரு பக்கப் படங்கள், இரட்டை உள்ள இடத்தின் நெருக்கப் படம், பக்கத்திலேயே சாதாரணக் காசின் அதே இடம், கண்ணில் பட்ட அச்சுக் கீறல்கள் என்று எல்லாவற்றையும் ஒரே விளக்கில் எடுத்து, வகை எண் வழங்கும் பட்டியலாளருக்கு அனுப்புங்கள். காசை அதுவரை பிவிசி கலக்காத உறையில் வையுங்கள். அந்த இரண்டாவது காசையும் விற்காதீர்கள். பிழை அச்சிலேயே இருந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் சான்று அதுதான்.